‘வயசாகிப் போச்சு’ என்று ஒதுக்கப்பட்ட நோய்: மூளைப் படம் கடந்து வந்த பாதை

“அவருக்கு வயசாகிப் போச்சு. இனி அப்படித்தான் இருப்பார்.”

நிபோங் திபால் பட்டணத்திலும், கலிடோனியா, பைரம், விக்டோரியா என்று பெயர் சொன்னாலே பழைய முகங்கள் நினைவுக்கு வரும் அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இந்த வார்த்தையைக் கேட்காத குடும்பம் குறைவு. இருட்டு விலகுமுன் எழுந்து காலமெல்லாம் மரம் சீவியவர் எழுபதைத் தாண்டியதும் நடை தளர்கிறார். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். வாசற்படியருகே வந்து நின்று, அடுத்த அடி வைக்கத் தயங்குகிறார். இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமானால் நாலைந்து சின்ன அடிகள் தேவைப்படுகின்றன. சில மாதங்கள் போகக் கழிவறையை எட்டுவதற்குள் கைலி நனைந்துவிடுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறது. பிறகு பேச்சே குறைந்துவிடுகிறது.

வீட்டில் உள்ளவர்கள் மூன்றையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நடையைப் பார்த்துப் ‘பார்க்கின்சன்’ என்பார்கள். மறதியைப் பார்த்து ‘அல்சைமர்’ என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதில் ஒன்றுதான் சரியாக இருக்கும். ஆனால் இந்த மூன்று அறிகுறிகளும், குறிப்பாக நடை முதலில் கெட்டு மற்ற இரண்டும் பின்தொடரும்போது, வேறொரு நோயின் கையெழுத்தாகவும் இருக்கக்கூடும். மருத்துவர்கள் அதை ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபலஸ்’ என்கிறார்கள். மூளைக்குள் நீர் தேங்குகிறது. அழுத்தத்தை அளந்து பார்த்தாலோ இயல்பாகவே இருக்கிறது. 2025 மே மாதத்தில் அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் தமக்கு இந்த நோய் இருப்பதாக அறிவித்துக் கச்சேரிகளை ரத்து செய்தபோது, உலகில் பலர் இந்தப் பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

மூளைத் தளர்ச்சி நோய்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பிவிட வழியில்லை. இது அந்தக் கூட்டத்தில் சேராதது. உரிய காலத்தில் கண்டுபிடித்தால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து நடக்கும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி? மண்டையோட்டுக்குள் இருப்பதைப் பார்க்க மனிதன் பட்ட பாட்டின் வரலாறுதான் இந்தக் கேள்விக்குப் பதில். அந்த வரலாறு பால்டிமோரில் தொடங்கி பொகோட்டா, லண்டன், பெங்களூர் வழியாக நிபோங் திபால் வகுப்பறை வரைக்கும் வருகிறது.

காற்றை ஊதிப் பார்த்த காலம்

நம் மூளைக்குள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு நீரறைகள் இருக்கின்றன. அவற்றில் தெளிந்த நீர் சுரந்து, மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி ஓடி, மறுபடியும் இரத்தத்தில் கலக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ 150 மில்லி லிட்டர், ஒரு சின்னக் குவளை அளவுதான். நாளொன்றுக்குச் சுரப்பதோ அரை லிட்டர். அதாவது இந்த நீர் தினமும் மூன்று நான்கு முறை புதிதாகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. வடிகால் மந்தமானால் நீரறைகள் உப்பும். சுற்றியுள்ள மூளை நசுங்கும். காலுக்கும் சிறுநீர்ப் பைக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்த நீரறைகளின் ஓரத்திலேயே ஓடுவதால்தான் முதல் அடி அங்கே விழுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தபோது எலும்பெல்லாம் தெரிந்தது. மூளை மட்டும் தெரியவில்லை. மூளையும் நீரும் அந்தக் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். படத்தில் மண்டையோடு மட்டும் வெள்ளைச் சட்டி போல நிற்கும்.

1918-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வால்டர் டேண்டி என்ற இளம் அறுவை மருத்துவர் ஒரு துணிச்சலான வேலை செய்தார். நீரறையிலிருந்து நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். காற்று படத்தில் கறுப்பாகத் தெரியுமல்லவா? நீரறையின் வடிவம் முதன்முறையாக உயிருள்ள மனிதரிடம் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே, மண்டையில் துளை போடாமல் முதுகுத் தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தும் முறையையும் அவர் எழுதினார்.

அறிவுக்கு அது வெற்றி, நோயாளிக்கு நரகம். காற்று உள்ளே போனதும் தலை வெடிப்பது போல வலிக்கும், வாந்தி வரும். காற்று எல்லா மூலைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நோயாளியை நாற்காலியில் கட்டித் தலைகீழாகக்கூடப் புரட்டுவார்கள். தலைவலி தீர நாட்கள் ஆகும். எழுபது வயதுப் பெரியவரை இந்தச் சோதனைக்கு அனுப்ப எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? ‘வயசாகிப் போச்சு’ என்ற தீர்ப்பு இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இருந்தாலும், வேறு வழியில்லாத காரணத்தால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் மருத்துவர்கள் இந்தக் காற்றுப் படத்தையே நம்பியிருந்தார்கள்.

பொகோட்டா மருத்துவமனையில் ஒரு சிறுவன்

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பரான்கியா நகரில், லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1922-இல் பிறந்தவர் சலமோன் ஹக்கீம். சிறுவயதிலேயே வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் அவருக்கு. மருத்துவம் படித்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய் மூளை அறுவை சிகிச்சையும் மூளை நோய்க்கூறும் பயின்றார். அங்கே இறந்தவர்களின் மூளைகளை ஆராயும்போது அவருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. புத்தி தளர்ந்து இறந்த சிலருடைய மூளையில் நீரறைகள் பெரிதாக உப்பியிருந்தன. ஆனால் மூளையோ பெரிதாகச் சுருங்கவில்லை, வழியில் அடைப்பும் இல்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. நீரறை பெரிதாக இருந்தால், ஒன்று அழுத்தம் கூடியிருக்க வேண்டும் அல்லது மூளை சுருங்கிய இடத்தை நீர் நிரப்பியிருக்க வேண்டும். இதுதான் அன்றைய பாடம்.

1957-இல் பொகோட்டாவின் சான் ஹுவான் தே தியோஸ் மருத்துவமனையில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் வந்தான். கார் மோதியதில் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. அறுவை செய்து இரத்தக் கட்டியை அகற்றிய பிறகும் அவன் தெளியவில்லை. அரை மயக்கத்திலேயே கிடந்தான். காற்றுப் படம் எடுத்தார்கள். நீரறைகள் பெருத்திருந்தன. அழுத்தத்தை அளந்தார்கள். 150 மில்லி மீட்டர், இயல்பான எல்லைக்குள். மூளை அடிபட்டுப் போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகழுவ அந்த எண்ணே போதுமானது.

ஹக்கீம் பரிசோதனைக்காக 15 மில்லி லிட்டர் நீரை எடுத்தார். மூன்று தேக்கரண்டி. அதற்கு மேல் இல்லை. அதன் பிறகு அந்தச் சிறுவன் பேசத் தொடங்கினான்!

சில நாட்களில் அவன் பழைய நிலைக்குத் திரும்பினான். மறுபடி நீரை எடுத்தார், மறுபடி தேறினான். அப்படியென்றால் இது தற்செயல் அல்ல. நீரை நிரந்தரமாக வடிக்கக் குழாய் வைத்தார், சிறுவன் நலமடைந்தான். அளவுக் கருவி ‘இயல்பு’ என்று சொன்னது, நோயாளி ‘இல்லை’ என்று சொன்னான். ஹக்கீம் நோயாளியை நம்பினார்.

இதற்கு அவர் தந்த விளக்கமும் அவருடைய வானொலிப் பட்டறைப் புத்தியிலிருந்து பிறந்ததுதான். அழுத்தம் வேறு, மொத்த விசை வேறு. பரப்பளவு பெரிதானால் அதே அழுத்தம் அதிக விசையாக மாறும். பலூனை ஊதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில்தான் மூச்சு முட்டும்; கொஞ்சம் உப்பிய பிறகு லேசாக ஊதினாலே போதும். ஒரு காலத்தில் அழுத்தம் கூடி நீரறை விரிந்திருக்கலாம். விரிந்த பிறகு இயல்பான அழுத்தமே மூளையை நசுக்கப் போதும் என்றார் அவர். முழு விளக்கமும் இதுதான் என்று இன்றைய ஆய்வாளர்கள் ஒப்புவதில்லை. கதவைத் திறந்தது என்னவோ இந்தச் சாவிதான்.

1964-இல் பொகோட்டாவில் ஹவேரியானா பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வேடாக அளித்தார். ஸ்பானிய மொழியில் எழுதிய அதை உலகம் உடனே படித்துவிடவில்லை. 1965-இல் பாஸ்டன் மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் புகழ்பெற்ற நரம்பியல் பேராசிரியர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோருடன் சேர்ந்து ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய பிறகுதான் இந்த நோய்க்கு ஊர் உலகத்தில் பெயர் கிடைத்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘சிகிச்சைக்கு உட்படும்’ நோய் என்று சொல்லியிருந்தார்கள். கொலம்பியா மருத்துவர் ஒருவர் கண்டதை பாஸ்டன் முத்திரை குத்தினால்தான் நம்புவோம் என்ற நிலை! நம் நாட்டு ஆய்வாளர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல.

நீரை வடிக்கும் ‘ஷண்ட்’ குழாயின் கதையும் கைவினைஞர் கதைதான். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற எந்திரத் தொழிலாளி, பிறவியிலேயே தலையில் நீர் கோத்த தம் குழந்தைக்காக 1950-களின் நடுவில் சிலிக்கோன் வால்வு ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். ஹக்கீமும் வீட்டுப் பட்டறையில் சொந்தமாக வால்வு செய்தார். பின்னாளில் அவருடைய மகன் கார்லோஸ், தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் அளவை மாற்றக்கூடிய வால்வை வடிவமைத்தார்.

ரப்பர் நிரையும் ராமச்சந்திரன் கணக்கும்

காற்றை ஊதாமலே மூளையைப் பார்க்கும் நாள் 1971 அக்டோபர் 1-இல் வந்தது. லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் தலை முதன்முறையாக சி.டி. ஸ்கேன் எந்திரத்துக்குள் சென்றது. எந்திரத்தைப் படைத்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, விவசாயி மகன், முனைவர் பட்டம் பெறாத பொறியாளர். அவர் வேலை பார்த்த நிறுவனம் இசைத்தட்டு வெளியிடும் ஈ.எம்.ஐ. பீட்டில்ஸ் பாடல்களை வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ.தான்! நெற்றிப் பக்க மூளையில் நீர்க்கட்டி ஒன்று அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? தோட்டத்து ஓரமாகப் பஸ்ஸில் போனவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ரப்பர் மரங்கள் ஒரு கோணத்தில் ஒன்றையொன்று மறைத்துச் சுவர் போல நிற்கும். பஸ் கொஞ்சம் நகர்ந்ததும் நிரைகள் திறந்து உள்ளே வெகுதூரம் தெரியும். இன்னும் நகர்ந்தால் வேறு நிரைகள் திறக்கும். தோட்டத்தை முழுவதும் சுற்றி வந்து, எந்தக் கோணத்தில் எது மறைந்தது, எது திறந்தது என்று குறித்துக்கொண்டால், உள்ளே இறங்காமலே ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எக்ஸ்ரே கதிரை ஒவ்வொரு பாகையாகச் சுற்றி அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து, உள்ளிருப்பதைக் கணிப்பதுதான் சி.டி. முதல் எந்திரம் ஒரு படத்துக்கு 180 கோணங்களில் கோணத்துக்கு 160 அளவுகள், மொத்தம் 28,800 அளவுகள் எடுத்தது.

கதிரை அனுப்புவது பாதி வேலை. கணக்குப் போடுவதுதான் மறுபாதி. அங்கேதான் ஒரு தமிழர் பெயர் வருகிறது.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், சுருக்கமாக ஜி.என். ராமச்சந்திரன், எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பயின்று, 1952-இல் முப்பது வயதுக்குள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று கண்டது சென்னையில்தான். உலகத்து உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ பிறந்ததும் அங்கேதான்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு மாறிய பிறகு, 1971-இல், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தை எப்படி மீட்டெடுப்பது என்பது பொருள். நிழல்களை அப்படியே திருப்பி இழுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் படம் கலங்கிப்போகும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நட்சத்திரம் போலக் கறை படியும். போடுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியில் வடித்துவிட்டால் கறைகள் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும், படம் தெளியும். அதுவரை இருந்த நீண்ட கணக்கு முறையை விட இது வேகமானது என்று அவர்கள் காட்டினார்கள். அந்த வடிகட்டிக்கு இன்று உலகம் வைத்திருக்கும் பெயர் ‘ராம்-லாக்’. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்ற இரு பெயர்களின் தலைப்பகுதி.

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்ததே தமிழர் என்று மார்தட்டுவது நியாயமாகாது. அடிப்படைக் கணிதத்தை ஆஸ்திரியக் கணிதமேதை ரடான் 1917-இலேயே எழுதிவிட்டார். வானொலி வானியலில் பிரேஸ்வெல் இதையொத்த வழிக்கு வந்திருந்தார். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் எந்திரம் வேறு கணக்கு முறையைத்தான் பயன்படுத்தியது. 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மேக்குக்கும் போனது. ஆனால் பின்னால் வந்த சி.டி. எந்திரங்கள் வடிகட்டிப் போடும் இந்த முறைக்கு மாறின என்பதும், அதில் ராம்-லாக் முன்னோடி என்பதும் மறுக்க முடியாத உண்மை. இன்னொரு ஒற்றுமை: ராமச்சந்திரனும் ஹக்கீமும் ஒரே ஆண்டில், 1922-இல், பிறந்தவர்கள். சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-இல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய சீர்காழிக்காரர் டாக்டர் பி. ராமமூர்த்தி பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த இடத்தில் நிபோங் திபால் மறுபடி வருகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001-இல் பேராவிலிருந்து இங்கே குடியேறியது. நீபோங் மரங்கள் அடர்ந்த இடம் என்று பொருள்படும் பெயர் கொண்ட ஊரில், கரும்பும் ரப்பரும் செம்பனையும் மாறி மாறி விளைந்த வட்டாரத்தில், இன்று மாணவர்கள் படச் செயலாக்கம் படிக்கிறார்கள். பொறியியல் மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மேட்லாப் மென்பொருளில், நிழல்களிலிருந்து படத்தை மீட்கும் கட்டளையைக் கொடுத்து, எந்த வடிகட்டி வேண்டும் என்று குறிப்பிடாமல் விட்டால், அது தானாகவே எடுத்துக்கொள்வது ராம்-லாக்தான். தோட்டத்துப் பேரப்பிள்ளை ஒருவர் கணினியில் அந்தப் பெயரைத் தட்டும்போது, அது யாருடைய பெயர் என்று தெரிந்து தட்டினால் நன்றாக இருக்கும்.

படம் தெரிந்தது; பார்வை தெளிய நாளானது

சி.டி. வந்த பிறகு நீரறையைப் பார்ப்பது சில நிமிட வேலையாயிற்று. வலியில்லை, காற்றில்லை, கட்டிப்போடும் நாற்காலியில்லை. இனி பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு.

வயதானால் மூளை சிறிது சுருங்கும். அல்சைமர் நோயில் இன்னும் சுருங்கும். சுருங்கிய இடத்தில் நீர் நிரம்பி நீரறை பெரிதாகத் தெரியும். அது தேங்கிய நீரல்ல, காலியான இடத்தை நிரப்பிய நீர். வடித்தால் பயனில்லை. படத்தில் பெரிய நீரறையைக் கண்டதும் குழாய் வைக்கத் தொடங்கிய காலத்தில் பலருக்கு முன்னேற்றமே இல்லாமல் போனது. சிலருக்குக் குழாய் அடைத்தது, கிருமி தொற்றியது, மூளையைச் சுற்றி இரத்தம் கட்டியது. மருத்துவர்கள் சலிப்படைந்து, ‘அப்படி ஒரு நோயே இருக்கிறதா?’ என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். எளிதில் கிடைத்த படம் நோயைத் தெளிவாக்குவதற்குப் பதிலாகக் குழப்பிய காலம் அது.

முதலில் இருந்த அளவுகோல் பழைய காற்றுப் படக் காலத்தைச் சேர்ந்தது. 1942-இல் வில்லியம் எவான்ஸ் என்பவர் வகுத்தது. நீரறையின் முன்பக்க அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுக்க வேண்டும், விடை 0.3-க்கு மேல் போனால் நீரறை பெருத்திருக்கிறது என்று பொருள். ஆனால் அது பெருத்ததைச் சொல்லுமே தவிர, ஏன் பெருத்தது என்று சொல்லாது.

அந்த ‘ஏன்’ என்பதற்கு நல்ல பதில் தந்தவர்கள் ஜப்பானியர்கள். முதியோர் நிறைந்த நாடு என்பதால் அவர்களுக்கு இது அவசரத் தேவை. எம்.ஆர்.ஐ. எந்திரம் மூளையைக் குறுக்காகவும் நெடுக்காகவும் எந்தப் பக்கத்திலிருந்தும் துல்லியமாகக் காட்டியது அவர்களுக்கு வசதியாயிற்று. 1998-இல் கிட்டாகாகி குழுவினர் நீர் எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மூளை சுருங்கிய நோயாளிக்கு உச்சந்தலை உட்பட எல்லா மடிப்புகளும் அகன்று, காய்ந்த வாதுமைக் கொட்டை போலத் தெரியும். நீர் தேங்கிய நோயாளிக்கோ உச்சந்தலைப் பக்கத்து மடிப்புகள் இடைவெளியில்லாமல் நெருங்கிக் கிடக்கும். கீழே, காதுப் பக்கத்துப் பிளவுகள் மட்டும் அகன்றிருக்கும். மேலே நெருக்கம், கீழே அகலம். பார்க்கப் பழகிய கண்ணுக்கு இந்த அடையாளம் போதும்.

இன்னொரு அளவு, இரண்டு நீரறைகளும் மேலே சந்திக்கும் கோணம். 2008-இல் இஷீ குழுவினர் எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்து காட்டினார்கள். நீர் தேங்கியவர்களுக்கு அது 90 பாகைக்குக் கீழே குறுகிப்போகும். அல்சைமர் நோயாளிகளுக்கு விரிந்தே இருக்கும். 2010-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், எம்.ஆர்.ஐ. படத்தில் இந்த அடையாளம் இருந்த 100 பேருக்குக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து 69 விழுக்காட்டினர் அன்றாட வாழ்வில் ஒரு படியாவது முன்னேறியிருந்தார்கள். படத்தைச் சரியாகப் படிப்பதன் பலன் இது.

இருந்தும் படம் மட்டுமே தீர்ப்பு எழுதுவதில்லை. ஸ்கேனில் சந்தேகம் எழுந்தால், முதுகுத் தண்டில் ஊசி வைத்து 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரை எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்பு ஒருமுறை, எடுத்த பின்பு ஒருமுறை, நோயாளியை நடக்கவிட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள். நடை தேறினால் குழாய் உதவும் என்று நம்பலாம். ஆனால் தேறாவிட்டால் ‘நோயில்லை’ என்று உடனே சொல்லிவிட முடியாது. 1957-இல் பொகோட்டா சிறுவனுக்குத் தற்செயலாக நடந்ததைத்தான் இன்று உலக மருத்துவமனைகள் சோதனையாகவே செய்கின்றன!

குழாய் உண்மையிலேயே உதவுகிறதா, அல்லது அறுவை செய்துகொண்டோம் என்ற நம்பிக்கையில் நோயாளி நடக்கிறாரா என்ற கேள்வி 2025 வரை நீடித்தது. அந்த ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல்’ வெளியிட்ட ஆய்வில் 99 பேருக்குக் குழாய் வைத்தார்கள். ஒரு பாதியினருக்கு மட்டும் வால்வு திறந்திருந்தது; மறுபாதியினருக்கு நீர் வடியாத அளவில் வைக்கப்பட்டது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, திறந்த வால்வுக்காரர்களின் நடைவேகம் விநாடிக்கு 0.23 மீட்டர் கூடியது, மற்றவர்களுக்கு 0.03 மீட்டர் மட்டுமே. கேட்பதற்குச் சின்ன எண். சாலையைக் கடக்க நிற்கும் முதியவருக்கு அது, லாரி வருவதற்குள் அக்கரை சேர்வதற்கும் சேராமல் போவதற்கும் உள்ள தூரம். அதே ஆய்வில், மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு திறந்த வால்வுக்காரர்களிடம் அதிகம் இருந்ததையும் மறைக்காமல் சொன்னார்கள்.

நிபோங் திபாலிலிருந்து ஸ்கேன் அறை வரை

இது அரிய நோய் என்ற எண்ணமும் மாறி வருகிறது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் முதியோர்களைப் பரிசோதித்து, சி.டி. படங்களையும் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது. 70 முதல் 79 வயதுக்காரர்களில் 0.2 விழுக்காட்டினருக்கு இந்த நோய்க்குரிய அடையாளங்கள் இருந்தன. 80-ஐத் தாண்டியவர்களிலோ 5.9 விழுக்காடு. அவர்களில் மிகச் சிலருக்கே சிகிச்சை கிடைத்திருந்தது. அது சுவீடன் கணக்கு, அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அங்கேயே இப்படி என்றால், தோட்டம் மூடப்பட்டு, பிள்ளைகள் பிறை, ஜோகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் தாத்தாவின் நடையை யார் கவனிப்பது?

ஒரு காலத்தில் நிபோங் திபாலிலிருந்து பினாங்குத் தீவின் பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் பட்டர்வொர்த் சென்று ஃபெரி பிடிக்க வேண்டும். 1985-இல் முதல் பாலம் வந்தது. 2014-இல் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலமும் வந்து, தென் செபராங் பிறை மக்களுக்குத் தீவு வெகு அருகில் வந்துவிட்டது. பக்கத்தில் சுங்கை பாக்காப் மருத்துவமனை இருக்கிறது. பினாங்குப் பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவே இருக்கிறது. தூரம் இன்று ஒரு காரணமல்ல.

மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலோர் மறதியைப் பற்றியே பேசுகிறார்கள். சிறுநீர் விஷயத்தைச் சொல்லப் பெரியவர் கூச்சப்படுவார், பிள்ளைகளும் கேட்பதில்லை. நடையை வயதின் மேல் போட்டுவிடுவார்கள். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் மருத்துவருக்குச் சந்தேகமே எழும். எது முதலில் வந்தது, எந்த மாதம் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு முற்றத்தில் அவர் நடந்து திரும்பி வருவதைக் கைத்தொலைபேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவர் அறைக்குள் நுழையும்போது சிலர் வீம்புக்கு நன்றாக நடந்து காட்டிவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. முன்பு எப்போதோ மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது, அல்லது மயக்கம் என்று போனபோது எடுத்த தலை ஸ்கேன் படம், பழுப்பு உறையில் அலமாரியின் மேல் கிடக்கும். பழைய காகிதம் என்று அதைக் குப்பையில் போட்டுவிடாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நீரறை எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது, உச்சந்தலை மடிப்புகள் அன்று திறந்திருந்தனவா, இன்று நெருங்கிவிட்டனவா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு, புதிய படம் தனியாகச் சொல்லாத செய்தியை அந்தப் பழைய படம் சொல்லிவிடும்.